நித்தியகல்யாணியும் ஆய்வகமும்

வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தண்ணீர் கேட்காமல் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. மடகாஸ்கரைச் சொந்த மண்ணாகக் கொண்ட இச்செடியைத் தென் தமிழக மானாவாரி நிலங்களில் பயிரிடுகிறார்கள்.

1950-களில், ஜமைக்காவில் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பதாக அறிந்து, கனடாவில் ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை குறையவில்லை. வெள்ளணுக்கள் சரிந்தன! வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே ரத்தப் புற்றுநோய் என்பதால், அந்தத் தடயத்தை விடாமல் பின்தொடர்ந்து, இச்செடியின் இன்னொரு மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்ததை 1958-இல் அறிவித்தனர். வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்கா 1963-இல் அனுமதி தந்தது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் இவ்விரு மருந்துகளும் தடுத்துவிடுகின்றன.

நாட்டு வைத்தியம் வழிகாட்டியது, மருந்தாக்கியது ஆய்வகம். ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். அந்த மருந்தையும் மில்லிகிராம் கணக்கில் ரத்தநாளம் வழியே மட்டுமே செலுத்துகிறார்கள். தவறி முதுகுத்தண்டில் ஏற்றினால் உயிரே போய்விடும்.

இப்படிப்பட்ட செடியை ‘அரைத்துக் குடித்தால் புற்றுநோய் கரையும்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது கொடுமை. அதை நம்பிச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுக்கு, இழந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

நம் நாட்டு வைத்தியமான சித்த மருத்துவத்தின் மீது உண்மையான மரியாதை இருந்தால், அதன் மூலிகைகளை முறையான மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். நோயாளிகள், எந்த மூலிகை சாப்பிட்டாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.