கொஹெத யன்னே?

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். ஆயுபோவன்.

மூன்றையும் சேர்த்துப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் படிப்பிப்பது, 'ஆயுபோவன் என்றால் வணக்கம்' என்பதைத்தான். ஆசிரியர் கலாசாலையில் நாங்களும் அப்படித்தான் படித்தோம். பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வணக்கம் பணிவு. ஆயுபோவன் நீண்ட ஆயுளுக்கான வாழ்த்து. ஸலாம் சாந்திக்கான துஆ. சொல்லுக்குச் சொல் பாடமாக்க வைக்கிறோம். யாரிடம், எந்த நேரத்தில், எந்த மனதோடு சொல்வது என்பதை விட்டுவிடுகிறோம்.

விட்டால் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு ஒரேயொரு வசனம்: 'கொஹெத யன்னே?' எங்கே போகிறீர்கள்?

சிங்கள ஊர்களில் இது வெறும் சுகவிசாரிப்பு. வழியில் தெரிந்தவரைக் கண்டால் கேட்பார்கள். 'மே டவுமட்ட', இந்தா டவுனுக்கு என்று சொல்லிவிட்டு நடக்கலாம். யாரும் துருவப் போவதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் 'கொஹெத யன்னே? மல்லே பொல்' என்று சொல்வார்கள். எங்கே போகிறாய் என்றால் பையில் தேங்காய் என்கிறான் என்ற பகிடி அது. அவ்வளவு சாதாரணமான வசனம்.

யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை. வெளிக்கிட்டு வாசலில் நிற்பவரை 'எங்கை போறியள்?' என்று கேட்டால் போற காரியம் சரிவராது என்பார்கள். பெரியவர்கள் 'தூரமோ?' என்று மட்டும் கேட்பார்கள். போதாததற்கு, யுத்த காலத்தில் இந்தச் சிங்கள வசனத்தை இங்குள்ள சனம் கேட்டது சோதனைச் சாவடியில், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு.

இன்றைக்கு நயினாதீவுக்கு வரும் சிங்கள யாத்திரிகர் ஒருவர், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் ஆச்சியிடம் அன்பாக இதைக் கேட்டால், ஆச்சியின் கை அடையாள அட்டையைத்தான் தேடும். கேட்டவரிலும் பிழையில்லை, ஆச்சியிலும் பிழையில்லை.

அதேநேரம் இரண்டு மொழியும் ஒரே மனதோடு பேசும் இடமும் உண்டு. எங்கள் ஊரில் 'போறன்' என்று மட்டும் சொல்லி யாரும் விடைபெறுவதில்லை. 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்வோம். சிங்களத்திலும் அப்படியே: 'கிஹின் என்னம்', போய்விட்டு வருகிறேன். உதவி செய்தவரிடம் தமிழில் 'புண்ணியமாய்ப் போகும்' என்கிறோம். சிங்களத்தில் 'பின் சித்த வெனவா', புண்ணியம் சேரும். நாங்கள் 'ஜஸாக்கல்லாஹு கைரன்' என்போம், அல்லாஹ் நற்கூலி தரட்டும். மூன்றிலும் நன்றிக் கணக்கை மேலேதான் ஒப்படைக்கிறோம்.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்படி புலிகள் சொன்னபோது, எங்கள் உம்மாமார் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதும் 'போயிட்டு வாறம்' என்றுதான். நாங்கள் வளர்ந்தது புத்தளத்தில். அங்கே பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் விளையாடி முடிந்து போகும்போது 'கிஹின் என்னம்' என்பார்கள். அதை எங்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆகவே, சக ஆசிரியர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். சொல்லோடு சேர்த்து அதன் இடத்தையும் படிப்பிப்போம். எது ஒன்றுபோல இருக்கிறது, எது அதே கேள்வியாக இருந்தும் வேறு காதில் வேறுமாதிரி விழுகிறது என்று பிள்ளைகளோடு பேசுவோம். சோதனையில் அதற்குப் புள்ளி இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில் ஒரு பிள்ளை, "ஆச்சி, பயப்பிடாதேங்கோ, அவ சும்மா சுகம் விசாரிக்கிறா" என்று சொல்லுமானால், எங்கள் பாடம் சித்தி.