உடையவனையும் சந்தேகிக்கும் பூட்டு

ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில், ஒரு கைப்பேசியைக் களவாடியவனுக்கு இருந்த சிரமமெல்லாம் சிம் கார்டைக் கழற்றி எறிவதோடு தீர்ந்துபோயிற்று. அந்த ஆலை 2014 நவம்பரில் கதவடைத்துவிட்டது. பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் இன்று ஐபோன்கள் உருவாகின்றன. இடைப்பட்ட காலத்தில், 2013இல் ஆப்பிளும் 2015இல் கூகுளும், திருடிய பொருளைத் திருடனுக்கே நிஷ்பிரயோஜனமாக்கும் ஒரு பூட்டைக் கொண்டுவந்தன.

அதன் சூட்சுமம் எளிது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரையைத் திறக்க வழியற்றவன், பவர் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், முன்பிருந்த கூகுள் கணக்கின் அடையாளம் அந்த அழிப்புக்கு எட்டாத தனியிடத்தில் தங்கிவிடுகிறது. கைப்பேசி புத்தம் புதியதுபோல மொழியைக் கேட்டு, வைஃபையைக் கேட்டு, கடைசியில் பழைய கணக்கைக் கேட்டு நின்றுவிடும்.

திருடனைத் தடுக்கிற இந்த ஏற்பாட்டை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஷிப்டுக்குப் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் அந்தப் பூட்டு எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒடிசாவிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்தவர், முதல் சம்பளத்தில் வாங்கிய கைப்பேசியைக் கடைக்காரப் பையனிடமே நீட்ட, அவன் கூட்ட நெரிசலில் தன் எண்ணையே கொடுத்து ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டுக் கையில் திணித்துவிடுகிறான். ஆறு மாதம் கழித்து பேட்டர்ன் மறந்து, யாரோ சொன்னபடி ரீசெட் செய்துவிட்டு வந்து, “மெயில் ஐடி கேக்குதுண்ணே” என்று நிற்கையில், பையனும் அங்கே இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. பழைய கைப்பேசி வாங்கியவர் பாடு இன்னும் மோசம். விற்றவர் தம் கணக்கை நீக்காமலே விற்றிருப்பார், ரசீதும் இராது.

பிறகென்ன? “எஃப்.ஆர்.பி. பைபாஸ்”, அதாவது இந்தப் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் கடை மேசையை நாடவேண்டியதுதான். அங்கே ரசீதைக் கேட்பவர் அபூர்வம். ஆகவே உடையவனுக்கும் திருடனுக்கும் ஒரே வாசல் திறந்துவிடுகிறது. யோக்கியனை இருட்டுச் சந்துக்கு விரட்டியதே இந்தப் பூட்டின் மெய்யான குறை என்பது என் அபிப்பிராயம்.

பூட்டைத் தளர்த்துவது பரிகாரமன்று. ரசீதைக் காட்டினால் திறந்துகொடுக்கும் வழக்கம் சில நிறுவனங்களின் சேவை மையங்களில் இருக்கிறது. அந்த ரசீது செகண்ட் ஹேண்ட் கடையிலும் கட்டாயமாகவேண்டும், ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு, விற்பவர் கணக்கை வாங்குபவர் கண்முன்னே நீக்கிய பிறகு. 2023 மே மாதம் நாடெங்கும் வந்த சஞ்சார் சாத்தி தளம், அந்தப் பதினைந்து இலக்க எண்ணைக் கொண்டு களவுபோன கருவியை முடக்கவும், வாங்குமுன் சரிபார்க்கவும் வழி செய்திருக்கிறது. அதை எத்தனை கடைகள் உபயோகிக்கின்றனவோ! இவ்வட்டாரத்து ஆலைகளும் ஒன்று செய்யலாம்: வேலையில் சேரும் நாளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரங்களைப் பதியும் மேசையிலேயே, தொழிலாளியின் ஜிமெயிலை அவர் சொந்த எண்ணுக்கு மாற்றி, பாஸ்வேர்டை அவர் கையாலேயே எழுதிவைத்துக்கொள்ளச் செய்ய, ஆளுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.