புள்ளிக்கு முன் ஊர்வழக்கு

தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் சந்நிதியில் நிற்கும்போது தகாத நினைப்பு எழுந்தாலே குற்றம் என்று நம்பும் பக்தர்கள் உண்டு. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூ குறைவின்றி அமைய வேண்டும் என்பதில் கவனமாய் இருக்கும் தொழுகையாளிகளும் உண்டு. இவர்களிடம் ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோய் சார்ந்த நம்பிக்கைகளை அளக்கும் வினாக்கொத்தைக் கொடுத்தால், நோய் இல்லாமலே புள்ளி உயரலாம். திருகோணமலை மாவட்டத்தில் மனநலப் பணியாற்றும் நாம் இதை அறிந்தே அக்கருவியைக் கையிலெடுக்க வேண்டும்.

வேண்டாத எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. அதற்கு நாம் ஏற்றும் பொருளே நோயை வளர்க்கிறது என்று 1985இல் உளவியலாளர் சல்கோவ்ஸ்கிஸ் விளக்கினார். அந்த வழியில் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று 87 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தை உருவாக்கியது. 2005இல் அது 44 கூற்றுகளாகச் சுருங்கியது. மிகையான பொறுப்புணர்வும் ஆபத்தைப் பெரிதாக்குவதும், குறையின்மையும் நிச்சயமும் தேடுவது, எண்ணங்களுக்கு அளவுமீறிய முக்கியத்துவம் தந்து அவற்றை அடக்க முயல்வது என மூன்று பிரிவுகள். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி.

இக்கருவி இருபுறமும் தவறக்கூடும். இத்தாலியில் சிகா குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மதப்பற்று மிக்கவர்கள் எண்ணங்களைக் கட்டுப்படுத்துவது பற்றிய நம்பிக்கைகளில் அதிகப் புள்ளி பெற்றனர். மறுபுறம், ஓ.சி.டி. உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்நம்பிக்கைகள் பொதுமக்களின் அளவிலேயே இருப்பதை டெய்லர் குழுவினர் 2006இல் காட்டினர். ஆகவே உயர்ந்த புள்ளி நோயை நிறுவாது. தாழ்ந்த புள்ளி நோயை விலக்காது.

நோயின் கடுமையை யேல்-பிரவுன் அளவுகோலால் தனியாக அளவிடுங்கள். கூற்றுகளை வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். பிறகு ஊர்வழக்கை விசாரியுங்கள். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் ஒருமுறை முழுகுவது போதும் என்று வீட்டார் சொல்லும்போது, இவர் ஏன் நான்காம் முறை முழுகுகிறார்? மும்முறைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை என்று மௌலவி சொல்லியும் இவருக்கு ஏன் மனம் ஆறவில்லை? தன் சமயமே போதும் என்று சொல்லும் எல்லையைத் தாண்டித் தவிப்பவரிடம்தான் நோயைத் தேட வேண்டும். வஸ்வாஸ் (ஓயாது உறுத்தும் ஐயம்) என்று குடும்பத்தார் சொல்வதைப் பக்தியின் மிகுதி என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

இப்பகுதியின் கோயிலடியிலும் பள்ளிவாசலிலும் நோயற்றவர்களிடம் புள்ளிகளைத் திரட்டி, நமக்கான ஒப்பீட்டு அளவுகளை வகுப்பது அவசரப் பணி. அதுவரை, ஒரே நோயாளியின் சிகிச்சைக்கு முந்திய புள்ளியையும் பிந்தியதையும் ஒப்பிடவே இதைப் பயன்படுத்துவோம். பக்தரை நோயாளியாக்குவதும், நோயாளியைப் பக்தர் என்று திருப்பி அனுப்புவதும் ஒரே அளவு தீங்கு.