எக்ஸ்ரேயை பேப்பர்ல பிரிண்ட் போடுறீங்களா? ஒரு நிமிஷம் படிங்க

1/ போன மாசம் ஓபில பெரும்பாக்கம் குடியிருப்புல இருந்து ஒருத்தர் வந்தார். மூணு வாரமா இருமல். கையில நெஞ்சு எக்ஸ்ரே, ஜெராக்ஸ் கடையில ஏ4 பேப்பர்ல எடுத்தது. நுரையீரல் மேல்பகுதி ரெண்டு பக்கமும் ஒரே கறுப்பு. "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு.

2/ "படம் போன்ல இருக்காண்ணா?"ன்னு கேட்டேன். இருந்துச்சு. வலது பக்கம் மேல மங்கலா ஒரு நிழல். சளி பரிசோதனைக்கு அனுப்பினேன். காசநோய். இப்ப இலவச மாத்திரை சாப்பிடுறார்.

3/ கடைக்காரர் மேல தப்பு இல்ல. கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டருக்கு சாம்பல் நிறமே கிடையாது. கறுப்பு டோனர் மட்டும்தான். சின்னச் சின்ன புள்ளி வெச்சு, சாம்பல் மாதிரி நம்ம கண்ணை ஏமாத்துது.

4/ கணக்கு பாருங்க. 600 டிபிஐ பிரிண்டர்ல 8க்கு 8 புள்ளி சேர்ந்து ஒரு கட்டம்னா, 65 நிற அளவுதான் கிடைக்கும். அதுவும் அங்குலத்துக்கு 75 கட்டம்தான். சாதாரண கம்ப்யூட்டர் திரையே 256 அளவு காட்டும். போதாக்குறைக்கு டோனர் புள்ளி கொஞ்சம் பரவும். கறுப்பான இடம் இன்னும் கறுப்பாகி அடைச்சுக்கும். எக்ஸ்ரேல கறுப்பா இருக்கிறது எது? நாங்க பார்க்க வேண்டிய நுரையீரல்தான்.

5/ பழைய பிரிண்டர்தான் இருக்கா? தூக்கிப் போட வேண்டாம். இதைச் செய்ங்க:
• டோனர் சேமிப்பு மோடை ஆஃப் பண்ணுங்க.
• 300 இல்ல, 600 டிபிஐ வைங்க.
• ஒரு தாளுக்கு ஒரே படம், முழு அளவுல.
• கார்ட்ரிட்ஜை எடுத்து பக்கவாட்டுல மெதுவா ஆட்டிட்டு போடுங்க.
• பிரிண்ட் கொடுக்கும் முன்னாடி படத்தோட நடு நிறங்களை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்குங்க.
• வழவழப்பான, லேசருக்கு ஏத்த தாள் போடுங்க.
• எல்லா பக்கத்துலயும் ஒரே இடத்துல கோடு விழுதா? டிரம்மைப் பாருங்க. அந்தக் கோடு நுரையீரல் மேல விழுந்தா நாங்க குழம்பிடுவோம்.

6/ வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா சுருங்கிடும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க. திரையை போட்டோ எடுத்து அதை பிரிண்ட் போடாதீங்க.

7/ ஆனா என் கருத்து இதுதான்: எவ்வளவு நல்லா வந்தாலும் பேப்பர் பிரிண்ட் ஒரு அடையாளச் சீட்டு மட்டும்தான். அதை வெச்சு நோய் இல்லன்னு எந்த டாக்டரும் சொல்லக் கூடாது, நான் உட்பட. படம் எடுக்கிற இடம் அரசோ தனியாரோ, ஃபிலிம் தர முடியலன்னா அசல் ஃபைலையும் ரிப்போர்ட்டையும் கண்டிப்பா தரணும். தரலன்னா கேளுங்க. கேட்கிறதுல தப்பே இல்ல.

8/ 1928லயே காசநோய்க்குன்னு சானடோரியம் வந்த தாம்பரம் நமக்கு பக்கத்துலதான் இருக்கு. இந்த ஊர்ல ஒரு நிழல் டோனர் கறுப்புல தொலையக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? பேப்பரை நம்பாம சளி டெஸ்ட் எடுங்க. உங்க தெரு ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் இதை அனுப்பிடுங்க.