பட்டத்தின் விலை என்ன?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியானதும் தனியார் கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள் தோட்டத்து லயங்களையும் தேடி வந்துவிடுகின்றன. மேலே படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் பணம் இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? கடன் பட்டாவது படிக்க வைப்போம் என்கிறார்கள் பெற்றோர். அந்த ஆசையை நாம் போற்றுகிறோம். ஆயினும் கணக்குப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும் என்பது நமது கருத்து.

2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. ஒரு கல்லூரி ஆண்டுக்கு 25,000 வெள்ளி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பால்வெட்டுத் தொழிலாளி உண்ணாமல் உடுக்காமல் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

சேமநிதி இருக்கிறதே என்பார்கள். 1,700 வெள்ளிக்கு முதலாளி பங்கும் தொழிலாளி பங்கும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதம் முதல், அதில் 15 விழுக்காடு, அதாவது 61 வெள்ளி 20 காசுதான், பிள்ளைகளின் படிப்புக்கு எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. வீடு வாங்க எடுப்பதும் அதே கணக்கிலிருந்துதான். தோட்டத்து வீடோ நமதன்று. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். ஆகவே அந்தப் பணத்தில் கை வைப்பவர், முதுமையில் ஒதுங்கவேண்டிய கூரையிலேயே கை வைக்கிறார்.

நமது ஜோகூரில் இருவகைக் கல்விக்கூடங்களும் உள்ளன. இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக் கழகம் இஸ்கந்தர் புத்ரியில் 2011இல் மருத்துவ வளாகம் திறந்தது. கல்வி தரமானது, செலவு மிகப் பெரிது. ஸ்கூடாய் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும், பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக் கழகமும், பாசிர் கூடாங் பாலிடெக்னிக்கும் அரசாங்க உதவியில் நடப்பவை. முதலில் தட்டவேண்டிய கதவுகள் இவையே.

தட்டினால் திறக்கிறார்களா என்று கேட்பது நியாயம். மெட்ரிகுலேஷன் இடங்களில் பூமிபுத்திரர் அல்லாதார்க்கு நூற்றுக்குப் பத்து என்பது நமது நெடுநாள் குறை. அக்குறை தீரக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். ஆனால் அரசாங்கப் பள்ளியின் ஆறாம் படிவத்தில் அந்தப் பங்கீடு இல்லை; கல்லூரிக் கட்டணமும் இல்லை. ஒன்றரை ஆண்டுப் படிப்பு கடினமானதுதான். கடினம் என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டுக் கடனுக்கு ஓடுவது விவேகமன்று.

பெருஞ்செலவு செய்தால் நிலையான உத்தியோகம் நிச்சயம் என்பதும் தவறான எண்ணம். 2016 இறுதியிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் புதிய டாக்டர்கள் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்களே வேலையைவிட்டு வெளிநடப்புச் செய்தனர்.

தனியார் கல்லூரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேறு வழியின்றிச் சேர்க்கிறவர்கள் மூன்றை விசாரிக்கட்டும். அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா? விடுதி, தேர்வு உட்பட மொத்தச் செலவை எழுத்தில் தருவார்களா? சென்ற ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? உயர்கல்விக் கடன் நிதியின் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடே என்றாலும், பிள்ளை படிப்பை இடையில் விட்டால் கடன் நம்மை விடாது.

தேர்வு முடிவு வரும் காலத்தில் தோட்டந்தோறும் கிளைச் செயற்குழுவினர் பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும். விண்ணப்பத் தாள் நிரப்பத் தெரிந்த கிராணிமார் பால்வெட்டும் தோழர்களுக்குத் துணை நிற்க வேண்டும். நம் பிள்ளைகள் பட்டம் பெறட்டும். அதற்காகப் பெற்றோர் தெருவில் நிற்கும் நிலை வேண்டாம்.