வீட்டுக்குள் மட்டும் கால் வேண்டுமாம்!

அமெரிக்காவில் மெடிக்கேர் என்று ஒரு சர்க்கார் இன்ஷூரன்ஸ் இருக்கின்றது. 1965-ம் வருஷத்தில் முதியோருக்கென்று ஏற்பட்டு, 1972-ல் செய்த திருத்தத்தினால் உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நல்ல காரியந்தான், அதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் நடக்க முடியாதவர்களின் சக்கர நாற்காலி விஷயத்தில் அது வைத்திருக்கும் விதிகளைப் பார்த்தால், இவைகளை எழுதியவர்கள் ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவுக்குப் போனதுண்டா என்று கேட்கிறோம்.

வீட்டுக்குள் நடமாடத் தேவையாயிருந்தால்தான் நாற்காலிக்குப் பணமாம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நகர்ந்துவிடுகிறவர், கடைக்கும் வேலைக்கும் போக நாற்காலி கேட்டால் கிடையாது. அப்படியானால் ஊனமுற்றவனுக்குச் சந்தை எதற்கு, கூட்டம் எதற்கு, மூலையில் கிடக்கட்டும் என்பதல்லாமல் இதற்கு வேறு அர்த்தம் உண்டா?

நிற்க, ரிப்பேர் விஷயத்தைப் பார்ப்போம். நாற்காலி பழுதானால் அங்கீகரித்த தொகையில் 100-க்கு 80 இன்ஷூரன்ஸ் கொடுக்கும். பாக்கி 20 அவர் தலையில். ஆனால் பழுதாகாமல் காக்க அவ்வப்போது துடைத்துச் சோதித்துச் சரிபார்க்கும் சாதாரணப் பராமரிப்புக்குச் சல்லிக்காசு கிடையாது. அதை அவரேதான் செய்துகொள்ள வேண்டுமாம். கையையே தூக்க முடியாதவர் குனிந்து திருகாணி முடுக்குவது எப்படி?

ரிப்பேர்க்காரர் வந்துபோகும் நேரத்துக்குத் தனிக்கூலி இல்லை. நஷ்டத்துக்கு எந்தக் கம்பெனி ஓடிவரும்? ஆகவே ஜனங்கள் வாரக்கணக்காய், சில சமயம் மாதக்கணக்காய்க் காத்துக் கிடக்கிறார்கள். மாற்று நாற்காலிக்கு ஒரு மாத வாடகைதான் உண்டு. அதுவும் அவர் உடம்புக்கு அளவெடுத்ததல்ல. பொருந்தாத நாற்காலியில் உட்கார்ந்து புண்வந்தால், அதற்கு ஆஸ்பத்திரிச் செலவு! தேய்ந்துவிட்டதென்று 5 வருஷத்துக்குள் புதியது கேட்கவும் வழியில்லை. உடைவதைத் தடுக்கக் காசு மறுத்துவிட்டு, உடைந்தபின் அழுவது எந்த ஊர்ச் சிக்கனம்?

மோசடியைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடுகள் என்று சிலர் சொல்லக்கூடும். மோட்டார் நாற்காலியின் பேரால் பொய்க் கணக்கு எழுதிய வியாபாரிகள் இருந்தது உண்மை. ஹூஸ்டன் நகரப் பக்கத்தில் அந்த மோசடி பெருகியது கண்டு 2003-ல் சர்க்காரே நடவடிக்கை எடுத்தது. ஆனால் திருடியவன் வியாபாரி, தண்டனை நாற்காலிக்காரருக்கா?

செய்ய மனமிருந்தால் முடியும் என்பதற்குக் கொலராடோ மாகாணமே சாட்சி. மோட்டார் நாற்காலி செய்யும் கம்பெனிகள் உதிரிச் சாமான், கருவி, விளக்கப் புஸ்தகங்களைச் சொந்தக்காரருக்கும் வெளி ரிப்பேர்க்காரருக்கும் கொடுத்தே தீரவேண்டுமென்று 2022-ல் அங்கே சட்டமாகி, 1-1-2023 முதல் அமுலுக்கு வந்தது. அதே 2022-ல், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு இன்ஷூரன்ஸில், விசேஷ நாற்காலிகளின் ரிப்பேருக்கு முன்அனுமதி வாங்கும் தொல்லையும் ஒழிக்கப்பட்டது. இதனால் வானம் இடிந்து விழுந்துவிட்டதா?

தோழர்களே! விதி என்றால் தலையெழுத்து என்று நினைத்து வாய்மூடிக் கிடப்பது வழக்கம். இந்த விதியோ மனிதன் காகிதத்தில் எழுதியது; எழுதிய கையாலேயே அடிக்கக் கூடியது. "வீட்டுக்குள்" என்ற நிபந்தனையை அடிக்க வேண்டும். பராமரிப்புக்கும் பணம் கொடுக்க வேண்டும். ரிப்பேருக்குக் கெடு வைக்க வேண்டும். நாற்காலி வீட்டுச் சாமானல்ல. அது ஒரு மனிதனின் கால். காலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காத்திரு என்று சொல்ல எந்தச் சர்க்காருக்கும் யோக்கியதை கிடையாது.