மதகும் மருந்தும்

இரயிலில் செங்கல்பட்டைக் கடந்தவர்கள் கொளவாய் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். ஏரியில் நீர் நிற்க வேண்டுமானால் மதகின் பலகையை இறக்கி வைக்க வேண்டும். பலகையைத் தூக்கினாலோ, யாரும் தள்ளாமலே நீர் பாயும். நம் தலைக்குள்ளும் இப்படி ஒரு மதகு உண்டு.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்துள்ளது பிட்யூட்டரி சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன்களுள் ஒன்று புரோலாக்டின். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறச் செய்வது இதுவே. இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் பலகைதான் டோபமின் என்னும் வேதிப்பொருள். சிலருக்குப் பிட்யூட்டரியில் புற்று அல்லாத ஒரு கட்டி தோன்றிப் புரோலாக்டினைப் பெருக்கிவிடும். அப்போது பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். பிள்ளை பெறாதவருக்கும் பால் கசியலாம். ஆண்களுக்கும் மலட்டுத்தன்மை நேரலாம். கட்டி பெரிதானால் பார்வை நரம்பை அழுத்திக் கண் பார்வையையே கெடுக்கும்.

இதற்குக் கைகண்ட மருந்துகள் உள்ளன. 1960களில் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் உருவாக்கிய புரோமோகிரிப்டின் ஒன்று. பின்னர் வந்த காபர்கோலின் மற்றொன்று. ரை தானியக் கதிரைப் பற்றும் 'எர்காட்' என்ற நச்சுப் பூஞ்சையின் வேதிப்பொருள்களே இவற்றுக்கு அடிப்படை. இவை டோபமினைப் போலவே பிட்யூட்டரியில் வேலை செய்து மதகை மூடுகின்றன. பலருக்குக் கட்டியே சுருங்கிவிடுவதால் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

அப்படியானால் புரோலாக்டின் மிகுந்த எல்லோருக்கும் இந்த மாத்திரையைக் கொடுத்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்ணுக்கு மருந்து கொடுப்பது மருத்துவமாகாது. கருவுற்றிருந்தால் புரோலாக்டின் இயல்பாகவே உயரும். தைராய்டு குறைந்தாலும் உயரும்; ஊசிக்கு அஞ்சிய பதற்றத்திலும் சற்று உயரும். வாந்திக்கு நாம் கடையில் கேட்டு வாங்கும் டாம்பெரிடோன் மாத்திரை டோபமினின் வேலையைத் தடுப்பதால் அதனாலும் உயரும். பலகையைத் தூக்கியவர் யார் என்று கேளாமல் மதகை மூட ஓடுவது அறிவுடைமை ஆகுமா?

மருந்து தேவை என்று உறுதியான பின்பும் அளவுதான் உயிர். காபர்கோலினைப் பெரும்பாலும் 0.25 மில்லிகிராம் வீதம் வாரத்தில் இரு நாள் எனத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். உணவுடன் உட்கொண்டால் குமட்டல் குறையும். இரத்த அழுத்தம் தாழக்கூடும். ஆகவே படுக்கையிலிருந்து மெல்ல எழ வேண்டும். பார்க்கின்சன் நோய்க்காக இதே மருந்தை நாள்தோறும் 3 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டவர்களிடம் இதய வால்வு கெடும் அபாயம் மிகுதி என்று 2007இல் வெளியான ஆய்வுகள் காட்டின. புரோலாக்டினுக்குத் தரும் அளவு மிகச் சிறிது. எனினும் கண்காணிப்பு வேண்டும். சிலருக்குச் சூதாட்ட வெறி போன்ற மனமாற்றமும் வருவதுண்டு. அதைக் குணக்கேடு என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

'நாட்டு மூலிகைக்கு இந்தத் தொல்லை இல்லையே' என்பார் உண்டு. நம் புதர்க்காடுகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து எல்-டோப்பாவை 1937இலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். அது உடலில் டோபமினாக மாறும் பொருள். ஆகவே பூனைக்காலிப் பொடியும் மருந்துதான். அதை உண்பவர் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் மீன் விற்கும் ஒரு தாய்க்கு இந்நோய் என்று வைத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் வருமானம் போய்விடும். தலைவலி தீர்ந்ததும் அவர் மருந்தை நிறுத்திவிட்டால் கட்டி மீண்டும் வளரக்கூடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரத்த அழுத்தம் பார்ப்பதும், தொடர் மாத்திரை கொடுப்பதும், பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்புவதும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும்.

காரணம் கண்டு தொடங்குவதும், மருத்துவரைக் கேட்டே நிறுத்துவதும்தான் இம்மருந்துக்கு உரிய பாதுகாப்பு. பக்கத்து வீட்டாரின் பழைய மருந்துச் சீட்டு நமக்கு உதவாது என்பதை இன்றே வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.